ஜப்பானா, பொஹீமியாவா: செமஸ்டர் லீவுக்கு எந்த கேம்?

அக்கா மகன் செமஸ்டர் லீவுக்கு ஒரே ஒரு பெரிய கேம் வாங்கிக்கொள்ள வீட்டில் அனுமதி வாங்கிவிட்டான். பணம் என் கணக்கில். "மாமா, ஷேடோஸா, சுஷிமாவா, கிங்டம் கம்மா? நீங்க மூணும் ஆடியிருக்கீங்க, சொல்லுங்க" என்று கேட்டான். அவனுக்கு வாட்ஸாப்பில் தட்ட ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இதே மூன்றுக்குள் குழம்புகிறவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருப்பதால், அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மூன்றும் வரலாற்றுக் காலத்தில் நடக்கிற ஓபன் வேர்ல்டு (பெரிய உலகத்தில் நினைத்த பக்கம் போய் ஆடுகிற) ஆக்‌ஷன் கேம்கள். அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் 2025 மார்ச் 20 அன்று வந்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி ஜப்பான். கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2020இல் பிளேஸ்டேஷனுக்கும் 2024 மே மாதம் கணினிக்கும் வந்தது; மங்கோலியப் படை 1274இல் சுஷிமா தீவில் இறங்கிய கதை. கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 வந்தது 2025 பிப்ரவரியில். 1403ஆம் ஆண்டு பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி.

எங்கள் வட்டத்தில் இவை ஒவ்வொன்றையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர் உண்டு, பாதியில் மூடிவைத்தவரும் உண்டு. யார் ஏன் மூடிவைத்தார் என்று கேட்டுப் பார்த்தால், கிராஃபிக்ஸோ கதையோ பெரும்பாலும் காரணமாக வருவதில்லை. ஒருமுறை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, வீட்டில் கரண்ட் எப்படி, கையில் இருக்கிற மெஷின் என்ன என்பதில்தான் பேச்சு போய் நிற்கிறது. யூடியூபில் விமர்சனம் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த மூன்று விஷயங்களையும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஷேடோஸில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதிகம் சண்டை நடப்பது அதைப் பற்றித்தான். இதில் இரண்டு பேராக ஆட வேண்டும். நாஓயே இகா பகுதியைச் சேர்ந்த பெண். பதுங்குவாள், கயிறு வீசிக் கூரை ஏறுவாள், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் படுத்து ஊர்ந்து போவாள். யாசுகே ஆப்பிரிக்காவில் இருந்து வந்த சாமுராய்; கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவான். உயரத்தில் இருந்து வைக்கோலில் குதிக்கிற அந்தப் பிரபலமான குதியைக்கூட அவனால் ஒழுங்காகச் செய்ய முடியாது, தொப்பென்று விழுவான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்திருந்தது.

முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்த கேம் என்றால் உயிர். அவர் ஆடுவது கோட்டைகளை மட்டும். ஒரு கோட்டையைச் சுற்றிவந்து, காவலாளிகள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து, மழை வரும் இரவுக்குக் காத்திருந்து உள்ளே நுழைவார். அதற்கு இந்த கேம் நிஜமாகவே நல்ல கருவிகள் தருகிறது. பருவங்கள் மாறுகின்றன; கோடையில் மூழ்கி ஒளிந்த குளம் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது, ஒளிந்திருந்த புதர் இலையுதிர்ந்து நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. மரத்தளம் மிதித்தால் கீச்சிடுகிறது. பதுங்குவதற்கும் சண்டைக்கும் கடினத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பதுங்கும் ஆட்டம் பிடித்தவர்களுக்கு இந்தத் தொடரில் பல வருடங்களாகக் கிடைக்காத விருந்து இது.

அதே கேமைக் கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் இன்னொரு நண்பர் இகாவைத் தாண்டியதும் விட்டுவிட்டார். அவர் சொல்லும் காரணமும் நியாயமானதுதான். முன்கதை முடிந்ததும் ஒரு பெரிய பலகை திறக்கிறது, அதில் கொல்ல வேண்டியவர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக. எந்த வரிசையிலும் போகலாம் என்பதால் கதை ஓரிடத்திலும் இறுகிப் பிடிப்பதில்லை. மூன்று நாள் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து திறந்தால், யாரைத் தேடிக்கொண்டிருந்தோம், அவர் என்ன செய்தார் என்பதே மறந்துபோகிறது. திறமைகளைத் திறக்கவோ கோயில்களில் தாள் பொறுக்க வேண்டும், சன்னதிகளில் வேண்டிக்கொள்ள வேண்டும், கோட்டையில் பெரிய பெட்டியைத் திறக்க அங்குள்ள தலைமைச் சாமுராய்கள் அத்தனை பேரையும் தேடித் தீர்க்க வேண்டும். முதல் இரண்டு கோட்டைகளில் இது திட்டம் போடுகிற சுகம். அப்புறம் அது வேலை. யாசுகேயை நம் விருப்பப்படி ஆட விடுவதற்கே பல மணி நேரம் ஆகும். மலைச்சரிவுகளில் காடு அவ்வளவு அடர்த்தி என்பதால், எங்கும் போகலாம் என்று சொன்ன உலகத்தில் பெரும்பாலும் சாலையோடுதான் போகிறோம்.

வரலாறு பற்றிய புகார்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். யாசுகே கற்பனை இல்லை. 1579இல் அலெஸ்சாந்த்ரோ வலிஞானோ என்ற இயேசு சபைப் பாதிரியாரோடு ஜப்பான் போனவர், 1581இல் ஓடா நோபுனாகா என்ற போர்த்தலைவரிடம் சேர்ந்தவர், அடுத்த ஆண்டு நோபுனாகா இறந்த பிறகு சீக்கிரமே பதிவுகளில் இருந்து மறைந்துவிடுகிறவர். அவரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி மிகக் குறைவு. மிச்சத்தை கேம் நிரப்பிக்கொள்கிறது. கோயிலுக்குள் இருந்த பொருட்களை உடைக்க முடிந்தது ஜப்பானில் பெரிய பிரச்சினையாகி, நாடாளுமன்றத்தில் பிரதமரிடம் கேள்வி கேட்கும் அளவுக்குப் போனது. நிறுவனம் அதை மாற்றி ஒரு அப்டேட் விட்டது. சுஷிமா மட்டும் சுத்தமா என்றால் இல்லை. 1274இல் நடக்கிற கதையில் நாயகன் உட்கார்ந்து ஹைக்கூ எழுதுகிறான். அந்த வடிவம் உருவானது சில நூற்றாண்டுகள் கழித்து. அசாசின்ஸ் க்ரீட் தொடரிலேயே பிரெஞ்சுப் புரட்சியைக் காட்டும் யூனிட்டி என்ற கேமில் நோத்ர தாம் தேவாலயத்தின் கூர்கோபுரம் நிற்கிறது, அந்த வடிவில் அதைக் கட்டியதோ 19ஆம் நூற்றாண்டில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு எழும்பியதுதான் இன்றைய ஒயிட் டவுன். ஆனாலும் அங்கே போட்டோ எடுக்க வருகிற எல்லோருக்கும் அது பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே கால வீதிதான். கேம் உலகமும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும். இந்தப் புகார்களுக்காக ஒரு கேமை வாங்காமல் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, சுஷிமா. இதன் மேப் திரையை அடைத்துக்கொண்டு நிற்காது. எங்கே போக வேண்டும் என்று குறித்துவிட்டால் காற்று அந்தத் திசையில் அடிக்கும். புல் சாயும், இலை பறக்கும், அதன் பின்னால் குதிரையை விட வேண்டியதுதான். நரி ஒன்று வந்து கூட்டிப்போகும், மஞ்சள் பறவை ஒன்று வழிகாட்டும். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அம்புக்குறியையே பார்த்து ஓடிப் பழகிய கண்ணுக்கு, இது முதல்முறையாக ஊரைப் பார்க்க வைக்கிறது.

சண்டை கற்க எளிது, கைவந்தால் அழகு. வாள்காரனுக்கு ஒரு நிலை, கேடயக்காரனுக்கு ஒன்று, ஈட்டிக்காரனுக்கு இன்னொன்று, பெருத்த உடம்புக்காரனுக்கு வேறொன்று என்று நான்கு நிலைகள். அதை மாற்றி மாற்றிப் பிடிப்பதுதான் ஆட்டம். சிப்காட் நண்பர் ஷேடோஸை விட்டுவிட்டு இதற்கு வந்தார், முடித்தும் விட்டார். அவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதற்குள் ஒரு சிறுகதை முடிகிறது, ஒரு முகாம் விடுபடுகிறது, ஒரு வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு எழுந்து தூங்கப் போகலாம்.

இதன் கதையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாயகன் ஜின் சகாய்க்கும் ஷிமுரா பிரபுவுக்கும் இடையேயான உறவு தாய்மாமன் - மருமகன் உறவு. அப்பா இறந்த பையனை அம்மாவின் உடன்பிறந்தவர் எடுத்து வளர்த்து, வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, தன் வாரிசாகவே ஆக்க நினைக்கிறார். அந்த மருமகன் ஊரைக் காப்பாற்ற மாமா கற்றுக்கொடுத்த நெறியையே மீற வேண்டியிருக்கிறது. ஆங்கில விமர்சனங்கள் இதைச் சாமுராய் நெறி, மானம் என்ற கணக்கில் பேசிவிட்டுப் போகின்றன. காது குத்துக்கு மாமன் மடி வேண்டும் என்று வளர்ந்த நமக்கு, முகத்துக்கு நேராக மாமாவை எதிர்த்து நிற்கிற அந்த இடங்கள் வேறு கனத்தில் வந்து விழுகின்றன. முடிவைச் சொல்ல மாட்டேன். லாஸ்பேட்டையில் டீச்சராக இருக்கும் தோழி ஒருத்தி அந்தக் கடைசித் தேர்வு வந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

குறையும் உண்டு. மூன்று பகுதிகளாகத் தீவு திறக்கிறது. மூன்றாவதுக்கு வரும்போது மங்கோலிய முகாம்கள் எல்லாம் ஒரே அச்சாகத் தெரியும். ஊர்களில் ஆட்கள் பொம்மைபோல நிற்பார்கள். நல்லவர் கெட்டவர் என்று கதை வெகு நேராகப் போகும். ஒவ்வொரு நரியையும் ஒவ்வொரு ஊற்றையும் முடித்தே தீருவேன் என்று உட்காருகிறவர்கள்தான் இதை அலுப்பு என்கிறார்கள். கதையோடு போனவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கிங்டம் கம் 2 முற்றிலும் வேறு ஜாதி. முதல் கேமில் ஊர் எரிந்துபோன கொல்லன் மகன் ஹென்றி, இதிலும் அவனே நாயகன். நாயகனின் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிற கோணம். சிலருக்கு இதில் தலைசுற்றும், அவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே எல்லாம் பறிபோய், கந்தலோடு ஊருக்குள் நுழைந்து, சந்தியில் மரக்கட்டையில் கழுத்தைப் பூட்டி நிறுத்துகிறார்கள். அங்கிருந்து மனிதனாக எழும்ப வேண்டும். பசிக்கும், தூக்கம் வரும். சட்டையில் ரத்தம் இருந்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார், குளிக்காமல் போனால் பேச்சே சரியாக எடுபடாது. மருந்து காய்ச்ச வேண்டும் என்றால் நாமே இடித்து, கொதிக்கவைத்து, மணற்கடிகாரத்தைத் திருப்பிவைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் மூன்று வழிப்பறிக்காரர்கள் வந்தால் ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதை எங்கள் வட்டத்தில் வெறுக்கிறவர்களும் காரணத்தோடுதான் வெறுக்கிறார்கள். முதல் சில மணி நேரம் கேம் நம்மை அவமானப்படுத்திக்கொண்டே இருக்கும். ஆனால் தாண்டிவிட்டால், இந்த மூன்றில் இது மட்டும்தான் ஓர் ஊரில் வாழ்ந்த உணர்வைத் தருகிறது. வெள்ளிச் சுரங்கத்தால் பணக்கார ஊரான குட்டன்பெர்க் (இன்று குத்னா ஹோரா) பின்பாதியில் வருகிறது. அதன் சந்துகளில் ஒரு வேலைக்காகப் போய், வழியில் இன்னொருவர் வம்பில் மாட்டி, இரவு சத்திரத்தில் பகடை உருட்டி, போன வேலையை மறந்துபோகிற சுகம் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே பிரச்சினையைப் பேசியும், திருடியும், காசு கொடுத்தும், வெட்டியும் முடிக்கலாம். எப்படி முடித்தோம் என்பதை ஊர் ஞாபகம் வைத்திருக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சொந்தக் கட்டிலிலோ காசு கொடுத்து எடுத்த கட்டிலிலோ தூங்க வேண்டும், அல்லது சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடிக்க வேண்டும். அதை விலைக்கு வாங்கலாம், இல்லையென்றால் திராட்சை மதுவில் காஞ்சொறியும் பெல்லடோனாவும் போட்டு நாமே காய்ச்சலாம். கதையின் முக்கியக் கட்டங்களில் தானாகச் சேவ் ஆகும். வெளியேறும்போதும் ஒரு சேவ் கிடைக்கும். ஆனால் கரண்ட் போவது வெளியேறுவது ஆகாது. செமஸ்டர் லீவு வருவதோ வடகிழக்குப் பருவமழையில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையேறியபோது இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. புயல் இல்லாத நாளிலும் மழைக்காற்று அடித்தால் மாலையில் ஒரு கட் நிச்சயம். டெஸ்க்டாப் வைத்திருந்து யூபிஎஸ் இல்லை என்றால், ஒரு மணி நேர ஆட்டம் கண்ணெதிரே போய்விடும். பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப் என்றால் பயமில்லை. சுஷிமாவும் ஷேடோஸும் அடிக்கடி தாமாகவே சேவ் செய்துகொள்வதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

மெஷின் கணக்கு சுருக்கமாக. சுஷிமாவுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 960 அளவு கிராஃபிக்ஸ் கார்டு, 75 ஜிபி இடம். கிங்டம் கம் 2க்கு 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி, 100 ஜிபி. ஷேடோஸுக்கு 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1070 எட்டு ஜிபி, 115 ஜிபி, எஸ்எஸ்டி கட்டாயம். நம் பையன்கள் கையில் அதிகம் இருப்பது நான்கு ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 போட்ட லேப்டாப். அதில் சுஷிமா சமாளிக்கும், மற்ற இரண்டும் குறைந்தபட்சத்தையே தொடவில்லை. 40 எம்பிபிஎஸ் நெட்டில் சுஷிமா இறங்க நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஷேடோஸ் ஆறரை மணி நேரம்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. டிஸ்க் வாங்கி முடித்துவிட்டு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். கணினியில் வாங்கியது நம் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். சுஷிமாவுக்கு அடுத்து வந்த கோஸ்ட் ஆஃப் யோட்டேயும் அவர்களுக்குக் கிடைக்கும். 2025 அக்டோபரில் வந்தது, 1603இல் நடக்கிறது, இப்போதைக்குக் கணினியில் கிடையாது.

பழைய கேம்களையும் ஒரு வரி பார்த்துவிடலாம், சேலில் இவை பாதிக்கும் கீழே வரும். நேரமே இல்லாதவர்களுக்கு 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் நடக்கும் மிராஜ், அசாசின்ஸ் க்ரீட் தொடரின் அண்மைக் கேம்களில் சின்னது. கிளியோபாட்ரா கால எகிப்தைக் காட்டும் ஆரிஜின்ஸ் இன்றும் கண்ணுக்கு விருந்து. அரிக்கமேட்டுப் பக்கம் வளர்ந்தவர்கள் அதன் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் நின்று, நம் பக்கம் வந்த ரோமானியச் சரக்கை நினைத்துக்கொள்ளலாம். ஒடிஸியும் வல்ஹல்லாவும் அளவுக்கு மீறி நீளம், நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆக, யார் எதை வாங்குவது? ஷிஃப்ட் வேலை, குழந்தை, ஒரு மணி நேரம்தான் என்பவர்கள் சுஷிமாவைத் தாண்டிப் பார்க்கவே வேண்டாம். பதுங்கும் ஆட்டம்தான் உயிர், மெஷினும் இருக்கிறது என்றால் ஷேடோஸ். ஆனால் முழு விலைக்கு வேண்டாம், சேல் வரட்டும். கோட்டைகளை ஆடிவிட்டு மற்றதை விட்டாலும் மனம் வலிக்காத விலையில் வாங்குங்கள். நீண்ட லீவு, பொறுமை, யூபிஎஸ் மூன்றும் இருக்கிறவர்களுக்கு கிங்டம் கம் 2. மூன்றில் சிறந்தது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டுப் பையனின் குணத்துக்கும் பொருத்தம் அதுதான். மணிக்கணக்கில் ஒரு பைக் கார்பரேட்டரைக் கழற்றி மாட்டுகிறவன். ஆனால் அவன் லேப்டாப்பில் இருப்பது அதே 1650. அதனால் இப்போதைக்கு சுஷிமா. டிசம்பர் பிற்பகுதியில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் சேல் வரும்போது, மிச்சக் காசில் 2018இல் வந்த முதல் கிங்டம் கம். அது அந்த லேப்டாப்பில் ஓடும், ஹென்றியின் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மெஷின் மாற்றும்போது இரண்டாவதை நேராக எடுக்கலாம்.

வாங்கின பிறகு ஒரு விஷயம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணியைக் கதைக்குச் செலவழிக்காதீர்கள். எந்த கேமிலும் அதற்குள் கதை பிடிபடாது. கிராஃபிக்ஸ் அமைப்பைக் குறைத்தும் கூட்டியும் வைத்து, ஆட்கள் கூடிய இடத்தில் ஓடிப் பார்த்து, லேப்டாப் எவ்வளவு சூடாகிறது, படம் திக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். டவுன்லோடு நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் முதல்முறை திறக்கும்போது ஷேடர் தயாராகிறது என்று ஒரு கோடு மெதுவாக நகரும், அது சேரும். அதனால் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள்.